வீடியோ பஃபர்: கெயின் ஏன் 2?



நான் ஈ.சி.இ. இறுதியாண்டு. எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி வார்த்தை இங்கிலீஷாகத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. ஆம்ப்ளிஃபையரை 'பெருக்கி' என்று எழுதினால் எனக்கே துடைப்பம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் விளக்கம் முழுக்கத் தமிழில்தான். இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிய ஒரு விஷயம் எனக்குச் சுத்தமாகப் புரியவே இல்லை என்று ஒரு கல்யாண மண்டபத்தில்தான் தெரிந்தது. அந்த விஷயம்தான் இன்றைய பாடம்: வைட்பேண்ட், ஃபிக்ஸட் கெயின் வீடியோ பஃபர் ஆம்ப்ளிஃபையரை வைத்து சர்க்யூட் டிசைன் பண்ணுவது எப்படி?

மண்டபத்தில் நடந்தது

போன வருஷம் எங்க பெரியப்பா பொண்ணு கல்யாணம். மண்டபத்தில் மேடை மாடியில், டைனிங் ஹால் கீழே. எங்க அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. "கீழ டிவில பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டது. டைனிங் ஹாலில் நாலு டிவி. வீடியோ எடுக்கிற அண்ணனிடம் இருந்த கேமராவில் ஒரே ஒரு வீடியோ அவுட். ஒரு சிக்னலை நாலாகப் பிரிக்கணும். "நான் பண்ணித் தர்றேன் பெரியப்பா" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்.

புத்தகத்தில் இருந்த படத்தில் ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கேபிளுக்கும் தொடரில் ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது சிக்னலில் பாதியைத் தின்றுவிடுகிறது. 'எதுக்கு வீணா?' என்று அதை எடுத்துவிட்டு, கெயினை 1 ஆக்கி, அவுட்புட் பின்னிலேயே நாலு கேபிளையும் சேர்த்து சோல்டர் பண்ணிவிட்டேன். லேபில் ஒரு மீட்டர் கேபிள், ஒரு மானிட்டர் வைத்துச் சோதித்தபோது படம் கண்ணாடி மாதிரி வந்தது.

முகூர்த்த நேரம். ஒரு குட்டிப் பையன் ஓடி வந்ததில் கால் ஒரு கேபிளில் சிக்கி, பிளக் பாதி கழன்று, வெளிப்பின்னலின் ஒரு இழை நடு முள்ளைத் தொட்டுவிட்டது. நியாயமாகப் பார்த்தால் ஒரு டிவிதான் போயிருக்கணும். நாலும் போயிடுச்சு. மேலே கெட்டிமேளம் கேட்கிறது, கீழே நாலு நீலத் திரை. எந்தக் கேபிள் என்று நான் தேடிக் கண்டுபிடித்துப் படம் திரும்ப வந்தபோது, மேடையில் மெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கட்டியாச்சாய்யா?" என்று அப்பத்தா கேட்டது.

"கட்டியாச்சு அப்பத்தா."

வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் வீண் என்று எடுத்துப் போட்டது நாலே நாலு ரெசிஸ்டர். அது ஏன் அங்கே இருக்கணும் என்று புரிந்துகொண்டாலே வீடியோ பஃபரில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. கேபிளில் ஓடுவது என்ன?

மஞ்சள் நிற பிளக் வழியாக வரும் காம்போசிட் வீடியோவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இருப்பது பால் முறை. ஒரு ஃபிரேமுக்கு 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட். அதில் சுமார் 52 மைக்ரோ செகண்ட் மட்டும் படம், மீதி நேரம் சிங்க் பல்ஸுக்கும் மற்றதுக்கும்.

வோல்ட்டேஜ் கணக்கு சுலபம். கறுப்பு மட்டத்துக்குக் கீழே 0.3 வோல்ட் சிங்க், மேலே வெள்ளை வரை 0.7 வோல்ட் படம். மொத்தம் 1 வோல்ட். இதன் மேல் 4.43 மெகாஹெர்ட்ஸில் நிறத் தகவல் சவாரி செய்கிறது. அந்த அலையின் உயரம், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். அதன் ஃபேஸ், எந்த நிறம் என்று சொல்லும். படத்தின் நுணுக்கம் எல்லாம் சேர்த்து சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போகும்.

இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியோவில் ஃபேஸ் கொஞ்சம் மாறினால் காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வீடியோவில் ஃபேஸ் மாறினால் நிறத்தின் மேல் கை வைத்த மாதிரி.

2. கேபிள் வெறும் ஒயர் இல்லை

வீடியோ கோஆக்ஸ் கேபிள் 75 ஓம் என்கிறோம். மல்டிமீட்டரை வைத்து அளந்தால் 75 வராது, ஓப்பன் என்றுதான் காட்டும். அப்போ அந்த 75 எது? கேபிளுக்குள் ஓடும் அலைக்கு, அலை ஓடும் நேரத்தில், வோல்ட்டேஜுக்கும் கரண்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் அந்த 75.

குளத்தில் கல்லைப் போட்டால் அலை கரையில் மோதித் திரும்புகிறது இல்லையா? கேபிளின் கடைசியிலும் அதேதான். எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம்:

திரும்பும் பங்கு = (முனையில் உள்ள மின்தடை − 75) ÷ (முனையில் உள்ள மின்தடை + 75)

மூன்று நிலைகளைப் போட்டுப் பாருங்கள்.

• முனையில் 75 ஓம்: விடை 0. எதுவும் திரும்பாது.
• முனை திறந்திருக்கிறது: விடை 1. வந்தது முழுக்கத் திரும்பும்.
• ஒரே கேபிளில் இரண்டு டிவியை டி-கனெக்டர் போட்டுச் சேர்த்தால் இணையாக 37.5 ஓம்: விடை −1/3. மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பும்.

திரும்பினால் என்ன கெட்டுப் போகிறது? திட பாலிஎத்திலீன் கோஆக்ஸில் சிக்னல் ஒளியின் வேகத்தில் சுமார் 66 சதவீதத்தில் ஓடும். ஒரு மீட்டருக்கு 5 நானோ செகண்ட். 20 மீட்டர் கேபிளில் போய்த் திரும்ப 200 நானோ செகண்ட். திரையில் படத்தின் அகலம் 52 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 மைக்ரோ செகண்டுக்கு 52 சென்டிமீட்டர் என்றால், 200 நானோ செகண்ட் தாமதமாக வரும் நகல் 2 மில்லிமீட்டர் தள்ளி விழும். அதுதான் உருவத்துக்குப் பக்கத்தில் தெரியும் நிழல் உருவம்.

ஒரு மீட்டர் கேபிளில் இதே தள்ளல் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. லேபில் எனக்குப் படம் கண்ணாடி மாதிரி வந்த ரகசியம் இதுதான். நான் நன்றாக டிசைன் பண்ணவில்லை, கேபிள்தான் குட்டையாக இருந்தது.

3. கெயின் ஏன் 2?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

டிவிக்குள் ஏற்கெனவே 75 ஓம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் பக்கமும் தொடரில் ஒரு 75 ஓம் வைத்தால், கேபிளின் இரண்டு முனையும் பொருந்திவிடும். ஆம்ப்ளிஃபையர் பக்கம் வைப்பதற்கு பேக் டெர்மினேஷன் என்று பெயர். இரண்டு 75-ம் சேர்ந்து வோல்ட்டேஜ் டிவைடர் ஆகிவிடுவதால் டிவிக்குப் பாதிதான் போய்ச் சேரும். அந்தப் பாதியைச் சரிக்கட்டத்தான் ஆம்ப்ளிஃபையரில் கெயின் 2. உள்ளே 1 வோல்ட், ஆம்ப்ளிஃபையர் பின்னில் 2 வோல்ட், டிவியில் மறுபடி 1 வோல்ட். மொத்தத்தில் வந்தது வந்தபடியே போகிறது. கெயின் 2 இருந்தும் இதற்கு பஃபர் என்று பெயர் வந்தது இதனால்தான்.

சரி, பாதியைக் கொடுத்து நாம் வாங்கியது என்ன? மூன்று விஷயம்.

முதலாவது, திரும்பி வரும் அலைக்கு முற்றுப்புள்ளி. டிவி பக்கம் 75 சரியாக இல்லாமல், அல்லது நடுவில் மோசமான ஜாயிண்ட் இருந்து, கொஞ்சம் அலை திரும்பி வந்தாலும், இந்தப் பக்கத்து 75 ஓம் அதை விழுங்கிவிடும். அது இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரின் கிட்டத்தட்ட 0 ஓம் அவுட்புட்டில் மோதி, தலைகீழாக மறுபடி டிவிக்கே கிளம்பும்.

இரண்டாவது, ஆம்ப்ளிஃபையருக்கு நிம்மதி. கடைசியில் டிவி இல்லாத கேபிள், ஆம்ப்ளிஃபையர் கண்ணுக்கு ஒரு கெப்பாசிட்டர் மாதிரித் தெரியும். சாதாரண 75 ஓம் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 67 பிக்கோ ஃபாரட். 20 மீட்டர் என்றால் 1,340. இவ்வளவு கெப்பாசிட்டரை நேராக அவுட்புட்டில் கட்டினால் ஃபீட்பேக்கின் ஃபேஸ் மார்ஜின் கரைந்து, வேகமான ஆம்ப்ளிஃபையர் ஆசிலேட்டராகவே மாறிவிடலாம். நடுவில் 75 ஓம் இருந்தால் அந்தச் சுமை நேரடியாகத் தெரியாது.

மூன்றாவது, எங்க அப்பத்தா விஷயம். கணக்கைப் பாருங்கள். சிங்க்கின் அடிமட்டம் 0 வோல்ட்டில் இருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் உச்சம் 2 வோல்ட் என்று கொள்வோம்.

ஒவ்வொரு கிளைக்கும் 75 + 75 = 150 ஓம். நாலு கிளை இணையாக 37.5 ஓம். கரண்ட் 2 ÷ 37.5 = சுமார் 53 மில்லி ஆம்பியர்.

ஒரு கேபிள் முனையில் ஷார்ட் ஆகிறது. அந்தக் கிளை 75 ஓம் ஆகும். மற்ற மூன்றும் சேர்ந்து 50 ஓம். 75-ம் 50-ம் இணையாக 30 ஓம். கரண்ட் சுமார் 67 மில்லி ஆம்பியர். கூடுதலாகக் கேட்பது வெறும் 14 மில்லி ஆம்பியர். ஆம்ப்ளிஃபையர் அசராது. மற்ற மூன்று டிவியிலும் அதே 1 வோல்ட்.

இப்போது என் சர்க்யூட். கெயின் 1, தொடர் ரெசிஸ்டர் கிடையாது. நாலு டிவி இணையாக 18.75 ஓம். கரண்ட் 1 ÷ 18.75 = அதே 53 மில்லி ஆம்பியர்! ஆக, நான் கரண்ட்டில் ஒரு மில்லி ஆம்பியர்கூட மிச்சம் பிடிக்கவில்லை. ஒரு கேபிள் ஷார்ட் ஆனால் அவுட்புட் பின்னே கிரவுண்டில் ஷார்ட். நாலும் அவுட்.

மிச்சம் என்று நான் நினைத்ததும் மிச்சமில்லை, பாதுகாப்பையும் தூக்கிப் போட்டிருக்கிறேன். வைவாவில் "கெயின் ஏன் 2?" என்று கேட்டால் "டு ஆம்ப்ளிஃபை த சிக்னல்" என்று சொல்லித் தப்பிப்பவர்களில் நானும் ஒருவன். நீங்களாவது சரியாகச் சொல்லுங்கள்.

4. கெயின் ஏன் ஃபிக்ஸட்?

'எந்த ஆப்-ஆம்ப்பிலும் இரண்டு ரெசிஸ்டர் போட்டால் கெயின் 2 வந்துடுமே, இதுக்குத் தனி ஐ.சி. எதுக்கு?' நியாயமான கேள்வி.

இரண்டு 1 கிலோ ஓம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேரும் இடம்தான் இன்வெர்டிங் இன்புட். அந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இணை, 500 ஓம். பின், டிராக், பிரெட்போர்டு எல்லாம் சேர்ந்து அங்கே 5 பிக்கோ ஃபாரட் தேறினாலே போதும். 1 ÷ (2 × 3.14 × 500 × 5 பிக்கோ) = சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒரு போல் முளைத்துவிடும். நீங்கள் எங்கேயும் வரையாத கெப்பாசிட்டர், ஃபீட்பேக் பாதையில் உட்கார்ந்துகொண்டு ஃபேஸைத் தாமதப்படுத்தும். ஃபிரீக்வென்சி ரெஸ்பான்ஸில் மேடு விழும், பல்ஸ் முனையில் ரிங்கிங் தெரியும்.

கரண்ட் ஃபீட்பேக் வகை ஆம்ப்ளிஃபையரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அதில் பேண்ட்விட்த்தையும் ஸ்டெபிலிட்டியையும் தீர்மானிப்பதே ஃபீட்பேக் ரெசிஸ்டரின் மதிப்புதான். கையில் கிடைத்ததைப் போட முடியாது. ரொம்பக் குறைத்தால் ஆசிலேட் ஆகும், ரொம்பக் கூட்டினால் பேண்ட்விட்த் சுருங்கும்.

ஃபிக்ஸட் கெயின் பஃபரில் அந்த இரண்டு ரெசிஸ்டரும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஒரே சிலிக்கானில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சூட்டில் மாறினாலும் சேர்ந்தே மாறும், விகிதம் நிலையாக நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த சென்சிட்டிவான சந்திப்பு வெளியே வருவதே இல்லை. உங்கள் போர்டின் திருட்டு கெப்பாசிட்டர் அதைத் தொட முடியாது.

உதாரணத்துக்கு ஓபிஏ692 என்ற ஐ.சி. அதன் இன்வெர்டிங் பின் என்று டேட்டாஷீட்டில் இருப்பது, உள்ளே இருக்கும் ரெசிஸ்டரின் வெளி முனை. அந்தப் பின்னை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துக் கெயின் மாறும்.

• கிரவுண்டில் கட்டினால் +2.
• எதிலும் சேர்க்காமல் விட்டால் +1.
• சிக்னலை அதில் கொடுத்து, மற்ற இன்புட்டை கிரவுண்ட் பண்ணினால் −1.

மூன்றே மூன்று சாய்ஸ். நம் வேலைக்கு +2. −1 போட்டால் சிங்க் தலைகீழாகிவிடும், டிவி படத்தைப் பிடிக்காது.

5. 5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு எதுக்கு 200 மெகாஹெர்ட்ஸ்?

இதுவும் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். டேட்டாஷீட்டில் எழுதியிருக்கும் பேண்ட்விட்த் 3 டெசிபல் குறையும் இடம். அங்கே சிக்னல் ஏற்கெனவே 30 சதவீதம் போய்விட்டது. வீடியோவுக்கு அது ஒத்துவராது. 0.1 டெசிபல், அதாவது சுமார் 1 சதவீதத்துக்குள் தட்டையாக இருக்கும் எல்லையைத்தான் பார்க்கணும். ஒரே ஒரு போல் உள்ள அமைப்பில் அந்த எல்லை 3 டெசிபல் எல்லையில் சுமார் 15 சதவீதம்தான். ஆக, 6 மெகாஹெர்ட்ஸ் வரை தட்டையாக வேண்டும் என்றால் குறைந்தது 40 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். பழைய விஜிஏ மானிட்டருக்கு ஓட்டுவதென்றால், 640 × 480, 60 ஹெர்ட்ஸுக்கே பிக்சல் கிளாக் 25.175 மெகாஹெர்ட்ஸ். அப்போது 200 என்பது ஆடம்பரமாகத் தெரியாது.

அடுத்தது ஸ்லூ ரேட். 5 மெகாஹெர்ட்ஸ், உச்சம் 1 வோல்ட் (மேலும் கீழுமாக 2 வோல்ட்) சைன் அலைக்கு 2 × 3.14 × 5 × 1 = மைக்ரோ செகண்டுக்கு 31 வோல்ட் வேண்டும். நம் செல்லப்பிள்ளை 741-இல் இருப்பது 0.5. இதே உயரமுள்ள அலையை அது சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகத் தரும். 741-இல் வீடியோ முயற்சி பண்ணும் ஜூனியர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

மூன்றாவது டிஃபரன்ஷியல் கெயின், டிஃபரன்ஷியல் ஃபேஸ். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. படத்தின் வெளிச்சம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும்போது ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டும் மேலே ஏறுகிறது. ஏறிய இடத்திலும் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதே கெயின், அதே ஃபேஸ் கிடைக்கிறதா? கெயின் மாறினால் வெளிச்சமான இடத்தில் நிறம் வெளுக்கும் அல்லது அடர்த்தியாகும். ஃபேஸ் மாறினால் நிறமே மாறும். பால் முறையில் வரிக்கு வரி ஃபேஸைத் திருப்பி அனுப்புவதால் இந்த ஃபேஸ் பிழை பெரும்பாலும் அடர்த்திப் பிழையாகக் குறைந்துவிடுகிறது. இருந்தாலும் ஆம்ப்ளிஃபையர் சுத்தமாக இருப்பதே நல்லது. ஒரு ஐ.சி.யில் எத்தனை கேபிள் தொங்கவிடுகிறோமோ அதற்கேற்ப இந்த இரண்டும் மோசமாகும். டேட்டாஷீட்டில் 150 ஓம் லோடுக்கு எழுதியிருக்கும் எண்ணை நாலு கேபிளுக்கும் நம்பிவிடாதீர்கள்.

6. சர்க்யூட் போடலாமா?

ஒரு உள்ளீடு, நாலு வெளியீடு. பேப்பரில் வரைந்துகொண்டே படியுங்கள்.

• இன்புட் பிளக்கிலிருந்து கிரவுண்டுக்கு 75 ஓம். கேமராவிலிருந்து வரும் கேபிளுக்கு இதுதான் டெர்மினேஷன்.
• அதே புள்ளி நேராக நான்-இன்வெர்டிங் இன்புட்டுக்கு.
• இன்வெர்டிங் பின் கிரவுண்டுக்கு, முடிந்த அளவு குட்டையான டிராக்கில்.
• அவுட்புட் பின்னிலிருந்து நாலு 75 ஓம், ஒவ்வொன்றும் ஒரு பிளக்குக்கு. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் அல்லது சிப் ரெசிஸ்டர். கடையில் 75 கேட்டு 68 கொடுத்தால் வாங்க வேண்டாம்.
• சப்ளை +5, −5. 7805, 7905 போதும். கவனம்: இரண்டுக்கும் கால் வரிசை வேறு. 7805-இல் முதல் கால் இன்புட், 7905-இல் முதல் கால் கிரவுண்ட்.

ஒற்றை 5 வோல்ட்டில் பண்ண முடியாதா? முடியும். ஆனால் அவுட்புட்டில் கப்ளிங் கெப்பாசிட்டர் வேண்டிவரும். 150 ஓமுக்கு 220 மைக்ரோ ஃபாரட் போட்டால் கட்-ஆஃப் சுமார் 4.8 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸுக்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் 10 மில்லி செகண்ட் தட்டையாக நிற்க வேண்டிய மட்டம், 33 மில்லி செகண்ட் டைம் கான்ஸ்டன்ட்டில் கால் பங்குக்கு மேல் சரிந்துவிடும். டிவி ஒவ்வொரு வரியிலும் மட்டத்தைப் பிடித்து நிறுத்துவதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். போதாக்குறைக்கு, படத்தின் சராசரி வெளிச்சத்துக்கேற்ப சிக்னல் முழுக்க மேலும் கீழும் நகரும், அதற்கும் இடம் விடணும். முதல் சர்க்யூட்டுக்கு இந்தத் தலைவலி வேண்டாம். இரட்டை சப்ளை, டி.சி. கப்ளிங்.

சூடு கணக்கு: சிப் தனக்காக இழுப்பது சுமார் 5 மில்லி ஆம்பியர். 10 வோல்ட்டில் 50 மில்லி வாட். லோடினால் சிப்புக்குள் வரக்கூடிய அதிகபட்சச் சூடு, ஒரு பக்க சப்ளையின் வர்க்கம் ÷ (4 × லோடு) = 25 ÷ 150 = 167 மில்லி வாட். மொத்தம் 217. சின்ன ஆறு கால் பேக்கேஜுக்கு வாட்டுக்கு 150 டிகிரி என்று வைத்தால் 33 டிகிரி ஏறும். மே மாதம் 40 டிகிரி மண்டபத்தில் 73. தாங்கும்.

7. போர்டு: இங்கேதான் பலர் விழுகிறோம்

பிரெட்போர்டு வேண்டாம். ஐ.சி. சாக்கெட்டும் வேண்டாம். 200 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு பிரெட்போர்டின் ஒவ்வொரு வரிசையும் ஒரு கெப்பாசிட்டர், ஒவ்வொரு ஜம்பர் ஒயரும் ஒரு இண்டக்டர்.

இரண்டு பக்க காப்பர் போர்டு எடுத்து ஒரு பக்கம் முழுக்க கிரவுண்டாக விடுங்கள். இன்புட், அவுட்புட் பின்களுக்கு நேர் கீழே மட்டும் காப்பரைக் கொஞ்சம் சுரண்டி எடுங்கள், அங்கே சேரும் கெப்பாசிடன்ஸ் குறையும். ஒவ்வொரு சப்ளை பின்னிலிருந்தும் 6 மில்லிமீட்டருக்குள் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக். கொஞ்சம் தள்ளி 6.8 மைக்ரோ ஃபாரட் டான்டலம், பிளஸ் மைனஸ் பார்த்து. நாலு 75 ஓமும் ஐ.சி. பக்கத்திலேயே இருக்கட்டும். பிளக் பக்கம் தள்ளி வைத்தால் நடுவில் உள்ள டிராக் முழுக்க ஆம்ப்ளிஃபையர் தலையில் கெப்பாசிட்டராக விழும்.

8. சோதனை

1 மெகாஹெர்ட்ஸ் ஸ்கொயர் அலை கொடுத்து, 75 ஓம் போட்ட கேபிள் முனையில் ஸ்கோப்பை வையுங்கள். இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, 200 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபையரின் ரைஸ் டைம் 0.35 ÷ 200 மெகா = 1.75 நானோ செகண்ட். நம் லேபில் இருக்கிற மாதிரி 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் ரைஸ் டைமே 3.5. திரையில் சுமார் 3.9 காட்டும். நீங்கள் பெரும்பாலும் ஸ்கோப்பைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள். ஜெனரேட்டர் அதைவிட மெதுவாக இருந்தால், ஜெனரேட்டரை.

இரண்டு, ப்ரோபின் கிரவுண்ட் கிளிப். 15 சென்டிமீட்டர் ஒயருக்குச் சுமார் 150 நானோ ஹென்றி. ப்ரோப் முனையில் 10 பிக்கோ ஃபாரட். இரண்டும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் அருகே ரிங் ஆகும். சர்க்யூட் நல்லா இருக்கும்போதே நீங்கள் பயந்துபோய் எதையாவது பிரிப்பீர்கள். கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனைப் பக்கத்திலேயே குட்டி ஒயரில் கிரவுண்ட் எடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு, லேப் மேனுவலில் இல்லாத ஒரு சோதனையைக் கட்டாயம் பண்ணுங்கள். நாலு வெளியீட்டிலும் நிஜ நீளத்துக்குக் கேபிள் போடுங்கள். ஒன்றைப் பிடுங்குங்கள். ஒன்றை வேண்டுமென்றே ஷார்ட் பண்ணுங்கள். மற்றவை அசையாமல் நிற்கிறதா பாருங்கள். நான் எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டும் சோதித்தேன். மண்டபத்தில் எல்லாமே சரியாக இருக்கும் என்று யார் சொன்னது?

கடைசியாக

இந்தத் தை மாதம் அதே அக்காவுக்கு அதே மண்டபத்தில் வளைகாப்பு. புது போர்டை எடுத்துக்கொண்டு போனேன். கீழே நாலு டிவியிலும் மேடை தெரிந்தது. அக்கா கைக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது. மனசு கேட்காமல், கடைசி டிவியின் பிளக்கை உருவி, ஸ்க்ரூ டிரைவரை வைத்து நடு முள்ளையும் வெளி வளையத்தையும் சேர்த்துப் பிடித்தேன். அந்தத் திரை நீலமானது.

"ஏய்யா, அந்த டிவி மட்டும் ஏன் நீலமாப் போச்சு?"

"அது கிடக்கட்டும் அப்பத்தா. மத்த மூணும் ஓடுது பாரு."

அப்பத்தா மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஓடட்டும்" என்றது.